இருபத்தைந்து கிலோமீட்டர்

மஞ்சக்குப்பத்தை மையமாக வைத்து
ஒரு வட்டம் போடச் சொன்னது செயலி.
இருபத்தைந்து கிலோமீட்டர் வைத்தேன்,
பாண்டி உள்ளே வரட்டும் என்று.
வந்தது. கூடவே
பாதி வட்டம் கடலில் விழுந்தது.
அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.
இந்தப் பக்கம் பதினேழு பேர்,
அதில் இருவர் எங்கள் கடையில்
கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள்.
அவர்கள் பவர் எனக்கு மனப்பாடம்.

வயது நாற்பத்து நான்கு. விவாகரத்து ஆனவள்.
கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது வேலை.
பொழுதுபோக்கு என்ற கட்டத்தில்
எதுவும் தோன்றாமல் 'பயணம்' என்று போட்டேன்.
விழுப்புரம் தாண்டி நான் போய் ஆறு வருடம்.

சவரிராயன், ஐம்பத்தொன்று, முதலியார்பேட்டை.
"சோல் மியூசிக் என்றால் எனக்கு உயிர்."
சோல் என்றால் ஆன்மாதானே,
சாமியார் கேஸ் என்று நினைத்துக்கொண்டேன்.
தம்பூரா, ஊதுவத்தி, கண்ணை மூடி ஒரு ஓம்.
பேச்சைச் சமாளிக்கவாவது ஆகட்டும் என்று
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒன்றைப் போட்டேன்.

முதலில் ஒரு ஆர்கன், மாதாகோவிலில் வாசிப்பதுபோல.
பிறகு ஒருவன் வந்தான்.
வந்ததும் கெஞ்ச ஆரம்பித்தான்.
போகாதே என்கிறான்போல,
என் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் எட்டியது.
குரல் உடைந்த இடத்தில்
நிறுத்தித் துடைத்துக்கொள்வான் என்று பார்த்தால்
உடைந்ததன் மேலேயே ஏறி நின்று
இன்னொரு முறை கேட்டான்.
பின்னால் மூன்று பெண்கள்
'அப்படிக் கேளு, விடாதே' என்று
எடுத்துக் கொடுத்தார்கள்.
டிரம்பெட்டுகள், சண்டையை விலக்க வந்தவர்கள்போல
நடுவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கின.
கையிலிருந்த லென்ஸின் ஓரம்
அரை மில்லி கூடுதலாகப் போய்விட்டது.
யாருடையதோ மைனஸ் மூன்று.

பதினோரு நாள் பேசினோம்.
பாட்டாக அனுப்புவார். மெம்பிஸ், டெட்ராய்ட் என்று
ஊரைச் சொல்லி அனுப்புவார்.
"பேஸ் கிட்டாரை மட்டும் தனியா கவனிங்க,
அது நடந்து போறது கேட்கும்."
கேட்டது. செருப்பில்லாமல் நடந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆள் இல்லை.
பேர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.
ஏன் என்று கேட்க அங்கே வழி வைக்கவில்லை.
பாட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள
அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்தவர் நேரிலேயே வந்தார்.
கோகுலரங்கன், மின்வாரியம்.
பாண்டி பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு பேக்கரி, இரண்டு பஃப்ஸ்.
"நான் சும்மாதாங்க இதுல இருக்கேன், டைம்பாஸுக்கு."
"நானும்தான்."
சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.
பதினேழு பேரும் இதையேதான் எழுதியிருந்தார்கள்:
சும்மா. பார்க்கலாம். பெரிதாக எதுவும் தேடவில்லை.
பிடித்தம் போக எனக்குக் கைக்கு எவ்வளவு வரும் என்று
அவர் விசாரித்தது மட்டும் சும்மா இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி.
காதில் அதே ஆள், அதே கெஞ்சல்.
கோட்டு மாட்டி, தலையைப் படிய வாரி,
அத்தனை பேர் முன்னால் முழங்கால் போட்டு
'வேணும்' என்று சொல்ல
ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது?
கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று நான்
பேனாவை மூடி, அவரிடமே திருப்பிக் கொடுத்து
தேங்க்ஸ் என்றேன்.
அவ்வளவு மரியாதை.

பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் நின்றது,
குறுக்கே ஒரு மணல் லாரி.
செயலியைத் திறந்து 'பயணம்' என்பதை அழித்தேன்.
பொழுதுபோக்கு:
கேட்கிறேன்.

பாட்டுக்கும் அதுதான் சொல்,
கடனுக்கும், வழிக்கும்,
கொடு என்பதற்கும்.
எது என்று படிக்கிறவர் பாடு.

டிரைவர் இறங்கிப்போய்
லாரிக்காரனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.
நான் வால்யூமை இரண்டு புள்ளி கூட்டினேன்.